கோழியின் கால் ஆணிக்கு விற்கும் சாமான்கள்: எது உதவும், எது பெட்டியை நிரப்பும்

கோழிக்கால் சிகிச்சைப் பெட்டி என்று விற்பதை எங்கே வாங்கித் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான். எப்சம் உப்பு ஒரு பொட்டலம், அயோடின் கரைசல், ஏதோ ஒரு களிம்பு, காஸ் துணி, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுச்சுருள், ஒரு ட்வீசர், உறைக்குள் இருக்கும் அறுவைக் கத்தி அலகு ஒன்றோ இரண்டோ. விலை கூடிய பெட்டியில் காய ஸ்பிரேயும் ரப்பர் செருப்பு ஒரு ஜோடியும் சேரும். இவற்றில் பாதி கட்டாயம் வேண்டும். சிலவற்றை மருந்துக்கடையில் தனியாக வாங்கினால் இன்னும் நல்ல சரக்கு கிடைக்கும். மிச்சம் இருப்பவை கோழிக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. கத்தியை அந்தக் கூட்டத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று புரிய முதலில் நோயைப் பார்த்துவிடலாம்.

உள்ளங்காலின் நடுத்திண்டில் மிளகளவு கறுப்புப் பக்கு, அதைச் சுற்றி வீக்கம், தொட்டால் சூடு. இதுதான் பம்பிள்ஃபுட். மனிதர் காலில் வரும் ஆணியைப் போலவே தெரிவதால் கால் ஆணி என்று சொன்னால் சட்டென்று புரியும். ஆனால் மனிதருக்கு வருவது அழுத்தத்தால் தடித்த தோல். கோழிக்கு வருவது கிருமித் தொற்று. பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சில சமயம் ஈ.கோலை போன்றவையும் கூடவே இருக்கும். இந்தக் கிருமிகள் தோலின் மேலும் கூளத்திலும் எப்போதும் இருப்பவைதான். சிராய்ப்போ முள்ளோ ஓயாத அழுத்தமோ கதவைத் திறந்துவிட்டால் உள்ளே போய்விடும்.

பெட்டி தயாரிப்பவர்கள் பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. கோழிக்குச் சீழ் நீராகக் கட்டாது. நம் உடலில் சீழைக் கரைக்கும் வெள்ளணுக்களிடம் உள்ள மயலோபெராக்சிடேஸ் என்ற நொதி பறவைகளின் ஹெட்டரோஃபில் என்ற வெள்ளணுக்களில் இல்லை. அதனால் சீழ் இறுகி, காய்ந்த பாலாடைக்கட்டி போல மஞ்சளாக, உதிரும் தன்மையோடு கெட்டிப்பட்டுப் போகிறது. பக்குக்கு அடியில் முளை என்று நாம் சொல்வது இதைத்தான். அதைப் பிதுக்கினால் வெளியே வராது. அழுத்திய அழுத்தத்தில் தசையிடுக்குகளுக்குள் பக்கவாட்டில் பரவும். ரத்த ஓட்டம் இல்லாத கட்டியென்பதால் வாய்வழி மருந்தும் அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. கீழே வரும் மதிப்பீடுகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன.

சாமான் வாங்கும் முன், காலில் இருப்பது இந்த நோய்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கே இல்லாமல் இரண்டு பாதத்திண்டுகளும் கணுக்கால் மூட்டுகளும் சேர்ந்து வீங்கியிருந்தால் மைக்கோபிளாஸ்மா சினோவியே என்ற தொற்றாக இருக்கலாம். அது கூட்டம் முழுக்கப் பரவக்கூடியது, கட்டுப் போட்டுத் தீராது. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு வெள்ளை மாவு படிந்தாற்போல் இருந்தால் செதில்கால் பேன். பாதம் சுத்தமாக இருந்தும் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஈரக் கூளத்தில் நின்று நின்று திண்டு முழுக்கப் பழுப்பாக அரித்துப்போவது இன்னொன்று. அங்கே முளை இருக்காது, கூளத்தை மாற்றினாலே பாதிக் குணம்.

கால் ஆணியிலும் நிலைகள் உண்டு. திண்டு தட்டையாகி, பளபளத்து, இளஞ்சிவப்பாக இருப்பது முதல் நிலை. பக்கு தோன்றி வீக்கம் இல்லாமலோ கொஞ்சமாகவோ இருப்பது இரண்டாவது. திண்டு உருண்டு வீங்கி, உள்ளே கெட்டிக் கட்டி தட்டுப்படுவது மூன்றாவது. வீக்கம் விரல்களுக்கும், பாதத்துக்கு மேலே செதில் மூடிய தண்டுக்கும் ஏறி, தசைநாண் உறைக்குள் தொற்று போய்விட்டால் நான்காவது. எலும்பைத் தொட்டுவிட்டால் ஐந்தாவது. வீட்டுப் பெட்டி முதல் இரண்டு நிலைகளுக்கும், கோழி நன்றாகத் தின்று நடமாடும்வரை மூன்றாம் நிலையின் தொடக்கத்துக்கும்தான். அதற்கு மேல் எக்ஸ்ரே, மயக்க மருந்து, கிருமி வளர்ப்புச் சோதனை என்று போகும் வேலை. பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஈடாகாது.

தொட்டியும் எப்சம் உப்பும்

பெட்டியில் மிக மலிவான சாமான் எப்சம் உப்பு. அதைக் கரைக்கும் தொட்டி பெட்டியிலேயே வருவதில்லை. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் தொட்டிதான். மெக்னீசியம் சல்ஃபேட் தொற்றை இழுத்து வெளியே எடுத்துவிடும் என்று உறைமேல் எழுதியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையைச் செய்வது வெதுவெதுப்பான நீரும் நேரமும். உப்பு அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

1 லிட்டர் நீருக்கு 2 மேசைக்கரண்டி உப்பு போதும். நீர் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ். கோழியின் உடல்வெப்பமே 41 டிகிரியை ஒட்டி இருப்பதால் இந்தச் சூடு அதற்குச் சுடாது. உங்கள் மணிக்கட்டின் உட்புறத்துக்கு இதமாக இருந்தால் சரி. பாதமும் தண்டின் கீழ்ப்பகுதியும் மூழ்கும் ஆழம். 15 முதல் 20 நிமிடம். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு உப்பு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். கெட்டித்த பக்கு நனைந்து ஓரம் வெளுக்கவே பத்து நிமிடம் ஆகும். நடுவில் ஆறினால் கோழியை எடுத்துவிட்டுச் சூடுநீர் சேர்த்துக் கலக்கிய பிறகு மீண்டும் நிறுத்துங்கள். கோழி தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது பேதி மருந்து. நனைத்து முடித்ததும் விரலிடுக்கு உட்பட முழுக்கத் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு கட்டிய பாதம் கட்டுக்குள்ளேயே ஊறிக் கொழகொழத்து, ஒரு புண் இருந்த இடத்தில் இரண்டாகிவிடும்.

நறுமணமும் வண்ணமும் சேர்த்த குளியல் உப்பு வேண்டாம். வெறும் மெக்னீசியம் சல்ஃபேட் என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

கிருமிநாசினிகள்

போவிடோன் அயோடின் 10 சதவீதக் கரைசல்தான் பெட்டிகளில் அதிகம். பீட்டாடின் என்ற பெயரில் பலர் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும். பலர் நினைப்பதற்கு மாறாக, நீர்க்க வைத்தால்தான் இது நன்றாக வேலை செய்யும். கெட்டிக் கரைசலில் அயோடின் போவிடோனோடு பிணைந்தே கிடக்கும். நீர்த்தால் விடுபட்ட அயோடின் கூடும். 1 லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 10 மில்லி விட்டால் 0.1 சதவீதம் வரும், வெளிர் தேநீர் நிறத்தில் இருக்கும். திறந்த புண்ணைக் கழுவ இது போதும். புண்ணைச் சுற்றியுள்ள, காயம் படாத தோலைத் துடைக்க மட்டும் நீர்க்காததைப் பயன்படுத்தலாம். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், நிறம் போனால் வீரியமும் போய்விட்டது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, குப்பியில் கரைசல் என்று இருக்கிறதா, ஸ்கிரப் என்று இருக்கிறதா என்பதை. ஸ்கிரப்பில் சோப்புச் சரக்கு கலந்திருக்கும். அது கை கழுவவும் காயம் படாத தோலைத் தேய்க்கவும் ஆனது. திறந்த புண்ணில் விட்டால் திசுவை எரிக்கும். நிறமும் குப்பியும் ஒன்றுபோல இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நடக்கிறது.

குளோர்ஹெக்சிடின் இதைவிட ஒரு படி மேல். கழுவிய பிறகும் தோலில் தங்கி வேலை செய்யும், சீழும் ரத்தமும் பட்டால் அயோடின் அளவுக்கு வீரியம் இழக்காது. 2 சதவீதக் கரைசலில் 25 மில்லியை 1 லிட்டர் நீரில் விட்டால் தேவையான 0.05 சதவீதம் கிடைக்கும். சோப்பு எச்சம் இருந்தால் செயலிழந்துவிடும் என்பதால் காலைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் நன்றாக அலசிய பிறகே இதைத் தொட வேண்டும். எப்சம் நீரிலும் கலக்காதீர்கள், அயோடினோடும் சேர்க்காதீர்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்க வேலை நடப்பது போல இருக்கும். அந்த நுரை கிருமியை மட்டும் பார்த்துப் பொங்குவதில்லை, புதிதாக வளரும் சதையையும் தின்கிறது. அழுக்கு அப்பிய காலை முதல் நாள் ஒருமுறை சுத்தம் செய்ய 3 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். தினமும் ஊற்றினால் புண் ஆறவே ஆறாது. பெட்டியில் இது இருந்தால் அதைக் குறை என்றே கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் வாரத்தில் புண் சுத்தமாகிவிட்ட பிறகு எந்தக் கிருமிநாசினியும் தேவையில்லை. 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் சமையல் உப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாகப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

கத்தியைப் பற்றி

வீட்டில் கோழி வளர்ப்பவர்களிடையே பெரிய சண்டை நடப்பது இந்த இடத்தில்தான். பெட்டியோடு வரும் அலகு பெரும்பாலும் 11ஆம் எண், ஊசிமுனைக் கத்தி. கூரான முனை எவ்வளவு ஆழம் போயிற்று என்பது வெட்டுபவருக்கே தெரியாது. உள்ளங்கால் திண்டுக்குச் சற்று உள்ளேயே விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஓடுகின்றன. வெள்ளையாக, பளபளப்பாக, நூல்போல இருப்பது தசைநாண். மங்கிய மஞ்சளாக உதிர்வது சீழ்முளை. நல்ல வெளிச்சம் இல்லாத இடத்தில் ட்வீசரால் தோண்டுபவர் இரண்டையும் குழப்பிக்கொண்டு வெள்ளை நூலைப் பிடித்து இழுத்துவிட்டால், அந்த விரல் அதன்பின் கம்பைப் பற்றாது.

வலி அடுத்தது. கோழி சத்தம் போடாமல் கிடக்கிறது என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. இரையாகும் உயிரினம் பயத்தில் அசையாமல் கிடப்பது அது. வீட்டில் மரத்துப்போகும் மருந்து கொடுக்கவும் வழியில்லை. மரத்துப்போக வைக்கும் பென்சோகெயின் வகை மருந்துகளுக்குப் பறவைகள் மிகவும் எளிதில் பாதிக்கப்படும். அளவு கொஞ்சம் தவறினால் உயிருக்கே ஆபத்து. ரத்தம்? உடல் எடையில் 1 சதவீதம் வரை ஒரு நலமான பறவை தாங்கும், 2 கிலோ கோழிக்கு 20 மில்லி. காஸ் துணி இரண்டு மூன்று நனைந்தாலே அந்த எல்லையை நெருங்கிவிடுகிறோம்.

ஆகவே எங்கள் தீர்ப்பு: அலகை எடுத்துத் தனியே வையுங்கள். மென்மையாக்கும் வழி மெதுவானது, ஆனால் முதல் இரண்டு நிலைகளுக்கு அதுவே போதும். தினம் ஒருமுறை நனைத்து, உலர்த்தி, பக்கின் மேல் இக்தமால் களிம்பை ஒரு பட்டாணி அளவு வைத்துக் கட்டுங்கள். தார்போல நாற்றமுள்ள அந்தக் கறுப்புக் களிம்பின் முக்கிய வேலை பக்கை ஈரமாகவே வைத்திருப்பது. மூன்று முதல் ஐந்து நாளில் பக்கின் ஓரம் தானே தூக்கும். அப்போது ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அதோடு முளையின் ஒரு பகுதியும் சேர்ந்து வரும். இழுத்தால் தோலும் சேர்ந்து எழும்பினாலோ ரத்தம் கசிந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு மறுநாள் நனைத்த பிறகு பாருங்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் நன்றாக ஆறவேண்டிய பாதத்தைக் குழியாக்குகிறது. பெட்டியில் வரும் தட்டையான ட்வீசர் இதற்குச் சரிவராது. முனை வளைந்த, பல் இல்லாத மெல்லிய ட்வீசர் தனியாக வாங்கி, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கசிந்தால் காஸ் துணியை வைத்து 3 முதல் 5 நிமிடம் எடுத்தெடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். நகம் வெட்டும்போது ரத்தம் நிற்கத் தூவும் ஸ்டிப்டிக் பொடி சில பெட்டிகளில் இருக்கும். அது நகத்துக்கு மட்டும். திறந்த சதையில் தூவினால் எரியும், திசுவைக் கருக்கி ஆறுதலைத் தள்ளிப்போடும்.

பிடிக்கும் முறையும் சாமானைப் போலவே முக்கியம். பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு ஏறி இறங்கித்தான் மூச்சு வாங்குகிறது. துண்டால் இறுக்கிச் சுற்றி நெஞ்சின் மேல் கையை ஊன்றினால் கால் ஆணிக்கு வைத்தியம் பார்க்கையிலேயே மூச்சுத் திணறிச் சாகும். சிறகுகள் அடங்கும் அளவுக்கு மட்டும் சுற்றி, கண்ணை மறைத்து, மடியில் சாய்த்து, தலை உடலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிமிர்த்தி இறக்கிவிடுங்கள்.

களிம்புகள், ஸ்பிரேக்கள்

பக்கு உதிர்ந்து திறந்த புண் ஆன பிறகு இக்தமால் போதும், நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்துக்கு 1 சதவீத சில்வர் சல்ஃபடயசின் க்ரீம் நல்ல தேர்வு: ஸ்டஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் இரண்டின் மேலும் வேலை செய்யும், எண்ணெய்ப்பசையும் குறைவு. மெல்லிய பூச்சு போதும், குழியை நிரப்பத் தேவையில்லை. நியோமைசின், பாசிட்ராசின் கலந்த சாதாரணக் களிம்பும் பரவாயில்லை. ஆனால் உறையில் வலி நிவாரணி என்று சேர்த்து எழுதியிருந்தால் உள்ளே மேலே சொன்ன கெயின் வகை மருந்து இருக்கும். வாங்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து வீட்டு மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. அரிப்புக்கும் படைக்கும் பூசும் களிம்புகள் பலவற்றில் நியோமைசினோ ஜென்டமைசினோ இருக்கும், அதோடு பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பூசிய இரண்டு நாளில் சிவப்பும் வீக்கமும் வடிந்து குணமானது போலக் காட்டும். தோல்வழி உறிஞ்சப்படும் ஸ்டீராய்டுக்குப் பறவைகள் மிகுந்த உணர்திறன் உள்ளவை. எதிர்ப்புச் சக்தி அடங்க, உள்ளே தொற்று தசைநாணை நோக்கி நகரும். களிம்புக் குழாயின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் பூச வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. துத்தநாக ஆக்சைடு களிம்பும் வேண்டாம். கோழி கட்டைக் கொத்தும், கொத்தியதை விழுங்கும், துத்தநாகம் அதற்கு விஷம்.

ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரே எரியாது, நக்கினாலும் கெடுதல் இல்லை. கழுவிய பிறகு அடிக்க நல்லதுதான். ஆனால் மூடிய பக்கின் மேல் ஒரு மாதம் அடித்தாலும் அடியில் உள்ள முளைக்கு ஒன்றும் ஆகாது. கெட்டித்த சீழுக்குள் எந்த ஸ்பிரேயும் இறங்காது. ஊதா நிற ஜென்ஷன் வயலட் ஸ்பிரே பழைய பழக்கம். முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் விலங்குகளில் அதைப் பயன்படுத்தப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. அந்த ஊதாவுக்கு அடியில் சிவப்பு கூடியதா குறைந்ததா என்று பார்க்கவும் முடியாது.

கட்டுச்சுருள்: பெட்டியின் உண்மையான மருந்து

பெட்டியில் ஒன்றை மட்டும்தான் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள். மருந்து என்ன பூசினாலும், மணலையும் எச்சத்தையும் மிதித்துக்கொண்டு நடக்கும் பாதத்தை மூடிவைப்பதுதான் ஆற்றுகிறது. கோஹெசிவ் பேண்டேஜ் என்ற இந்தச் சுருள் இறகில் ஒட்டாது, தன்மேல் மட்டும் ஒட்டும். 2.5 சென்டிமீட்டர் அகலச் சுருள் கிடைத்தால் அதையே நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். பெட்டிகளில் வரும் 5 சென்டிமீட்டர் அகலச் சுருள் கோழியின் விரலிடுக்கில் கசங்கி மடிப்பு விழும், அந்த மடிப்பே புதிய அழுத்தப் புண்ணைக் கொண்டுவரும்.

முதலில் 30 சென்டிமீட்டர் அளவு நறுக்கிச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்து, ஒரு நிமிடம் சும்மா தொங்கவிடுங்கள். சுருளும்போது இழுபட்ட ரப்பர் இழை அப்போதுதான் தளரும். சுருளிலிருந்து நேராகச் சுற்றினால் அந்த இழுவை அப்படியே காலை இறுக்கும். காலையில் கட்டிய கால் மாலையில் குளிர்ந்து வீங்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

புண்ணின் மேல் ஒட்டாத காஸ் துண்டு, 2 சென்டிமீட்டர் சதுரம். சாதாரண காஸ் புதிய சதையோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்திலும் பிய்த்து எடுக்கும். அதற்கு மேல் நடுவில் ஓட்டை போட்ட 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெத்தென்ற நுரைவளையம். ஓட்டை புண்ணுக்கு நேராக வந்தால் உடல் பாரம் புண்ணில் இறங்காமல் சுற்றியுள்ள திண்டில் இறங்கும். வளையம் கெட்டியாக இருந்தால் விளிம்பு ரத்த ஓட்டத்தை அறுக்கும். விரலால் அழுத்தினால் பாதியாக அமுங்க வேண்டும். இந்த வளையம் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை, நீங்கள்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.

பட்டையின் நுனியைப் பாதத்தின் மேற்புறத்தில் பிடித்து, உள்விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கீழே இறக்கி, திண்டைக் கடந்து, நடுவிரலுக்கும் வெளிவிரலுக்கும் இடையே மேலே கொண்டுவாருங்கள். மறுபடி மேற்புறத்தைக் கடந்து, பின்விரலுக்கு மேலாகச் சுற்றி, எட்டு என்ற எண் வடிவில் இன்னொரு முறை. கடைசிச் சுற்று பின்விரலுக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி, இழுக்காமல் வைத்து அழுத்தி முடியுங்கள். தனி விரலைச் சுற்றி ஒருபோதும் முடிக்காதீர்கள். கடைசிச் சுற்றுக்கு அடியில் ஒரு தீக்குச்சி தடையின்றி நுழைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள்: மற்றக் காலின் விரலைப் போலவே சூடாக இருந்தால் கட்டு சரி. குளிர்ந்தாலோ நிறம் கறுத்தாலோ விரல் ஒரு மாதிரி நீட்டியே இருந்தாலோ அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள்.

சிவப்பு, மஞ்சள் பட்டை கோழிகளை ஈர்க்கும். கட்டிய கோழி மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் கொத்தும். மங்கிய பழுப்போ கறுப்போ வாங்குங்கள். முதல் மணி நேரம் கோழி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தால் பயப்பட வேண்டாம், பழகிவிடும்.

முதல் மூன்று நான்கு நாள் தினமும் கட்டு மாற்ற வேண்டும். பிறகு கசிவு குறைந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. நனைந்த கட்டை எந்த நாளானாலும் அப்போதே மாற்றுங்கள். ஈரம் படாமலிருக்கத் தடித்த பிசின் டேப்பைப் பாதம் முழுக்கச் சுற்றும் வழக்கம் உண்டு. வெளி ஈரம் வராது என்பது உண்மை, உள் ஈரம் போகாது என்பதும் உண்மை. உள்ளங்காலில் மட்டும் ஒரு துண்டு ஒட்டி மேற்புறத்தைத் திறந்து விடுவது நடுவழி.

ரப்பர் செருப்புக்கு வந்தால், அளவு சரியாகப் பொருந்துவது அரிது. பெரிதாக இருந்தால் கழன்று விழும், சிறிதாக இருந்தால் விளிம்பு தண்டை அறுக்கும், எதுவானாலும் உள்ளே ஈரம் தேங்கி ஊறும். மழை நாளில் கட்டின் மேல் சில மணி நேரம் போட்டு இரவில் கழற்றலாம். கட்டுக்குப் பதிலாக இதைப் போடலாம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரை

சில இடங்களில் இது மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைத்துவிடுகிறது. கிடைக்கிறது என்பதற்காகக் கொடுத்துவிடக் கூடாது. முளை உள்ளே இருக்கும்வரை மருந்து அதை எட்டாது; எட்டாத அளவில் தினமும் கொடுப்பது கிருமியைப் பழக்கிவிடும். என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்குப் பயன்படுத்துவதை அமெரிக்கா 2005லேயே தடை செய்தது. எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்பவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். வீக்கம் தண்டுக்கு ஏறினால், விரல் மடங்காவிட்டால், கோழி தீனியை விட்டால், அல்லது ஏழு நாள் ஒழுங்காக நனைத்துக் கட்டியும் திண்டு கொஞ்சமும் சிறுக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வலி மருந்தும் அங்கேதான்; நம் வீட்டு வலி மாத்திரையை எடையைப் பார்த்து உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

இந்த ஸ்டஃபிலோகாக்கஸ் நம் கையில் கீறல் இருந்தால் நமக்கும் வரும். கையுறை எல்லாப் பெட்டியிலும் இருக்க வேண்டியது, பலவற்றில் இல்லை. தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், அவிழ்த்த கட்டைக் கவரில் கட்டி எறியுங்கள்.

பெட்டியில் வராதது

கால் ஆறிய பின் அதே கம்பில், அதே உயரத்தில் கோழியை அடைய விட்டால் இரண்டே மாதத்தில் அடுத்த காலில் பக்கு விழும். கனத்த இனங்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். அடையும் கம்பு 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலத்தில், மேற்புறம் தட்டையாக, ஓரங்கள் உருட்டி, சிலாம்பு இல்லாமல் இழைக்கப்பட்டிருக்க வேண்டும். மெல்லிய உருளைக் கம்பில் பாரம் முழுதும் திண்டின் நடுவில் ஒரே கோட்டில் இறங்கும். உலோகக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வழுக்கும், வழுக்காமல் இருக்கக் கோழி இரவு முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே தூங்கும். கனத்த கோழிக்கு 45 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம், வேண்டுமென்றால் நடுவில் ஒரு படி வையுங்கள். ஏறுவதில் காயம் வருவதில்லை, காலையில் குதிப்பதில் வருகிறது. குதிக்கும் இடத்தில் 8 சென்டிமீட்டராவது உலர்ந்த மரச்சீவலோ மணலோ இருக்கட்டும். ஈரத்தைப் போக்க என்று நீற்றிய சுண்ணாம்பைக் கூளத்தில் தூவினால் ஈரப் பாதத்தில் பட்டுச் சுடும்.

தீனியைப் பொறுத்தவரை வைட்டமின் ஏ குறைந்தால் பாதத்தோல் வறண்டு தடித்து வெடிக்கும், பயோட்டின் குறைந்தாலும் அப்படியே. எல்லாச் சத்தும் கலந்த முழுத்தீனியை விட்டுத் தானியத்தை மட்டும் இறைப்பவர்களின் கோழிகளிடம் இதைப் பார்க்கலாம். அந்தத் தானியமே எடையையும் ஏற்றுகிறது. தானியமும் தின்பண்டமும் ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வைட்டமின் சொட்டு மருந்துப் புட்டிக்கு வேலை இருக்காது.

சிறிய புண் இரண்டு மூன்று வாரத்தில் மூடும், முளை பெரிதாக இருந்தது ஆறு வாரம்கூட இழுக்கும். குழி மேடேறி, இளஞ்சிவப்புத் தோல் முழுக்க மூடி, அதன்மேல் மெல்லிய செதில் வரிகள் தெரியும்வரை கட்டு இருக்கட்டும். கட்டை எடுத்த முதல் வாரம் கோழியை உலர்ந்த, புதுக் கூளம் போட்ட தனி இடத்தில் வைத்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இரண்டு கால்களையும் திருப்பிப் பாருங்கள்.